கம்பத்தின் மேல் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது?

மழையும் காற்றுமாக இருக்கும் இரவில் கரண்ட் போனால் முதலில் எதிர்வீட்டை எட்டிப் பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் புகார் சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியைத் தேடுவோம். கொஞ்ச நேரத்தில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் அந்த விஷயத்தை மறந்துவிடுவோம். இடைப்பட்ட நேரத்தில் யாரோ ஒருவர் ஈரமான கம்பத்தில் ஏறி, டார்ச் வெளிச்சத்தில், கம்பிகளுக்கு நடுவே நின்று வேலை பார்த்திருப்பார். அவர் செய்தது என்ன, எந்தக் கருவியை வைத்துச் செய்தார், அந்தக் கருவிகள் ஏன் மாற வேண்டும் என்பதை, மின்சாரம் பற்றி எதுவும் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கம்பத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வோம். துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் லைனில் 11,000 அல்லது 22,000 வோல்ட் இருக்கும். தமிழ்நாட்டில் நகரங்களில் பெரும்பாலும் 11 ஆயிரம், கிராமப்புறங்களில் 22 ஆயிரம். இதுதான் எச்.டி. லைன், அதாவது உயர் அழுத்த லைன். தெருமுனையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதைக் குறைத்து, மூன்று ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி), ஒரு நியூட்ரல் (அது திரும்பிப் போகும் கம்பி) என்று எல்.டி. லைனுக்கு, அதாவது தாழ்வழுத்த லைனுக்கு அனுப்புகிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். நம் வீட்டு மீட்டருக்கு வருவது அது.

பலர் கவனிக்காத ஒன்று: கம்பத்தின் மேல் ஓடும் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலுறை எதுவும் கிடையாது. நடுவில் எஃகு இழை, அதைச் சுற்றி அலுமினிய இழைகள், அவ்வளவுதான். அளவைப் பொறுத்து வீசல், ரேபிட், டாக் என்று விலங்குப் பெயர்களால் அழைப்பார்கள். ரேபிட் என்றால் 3.35 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எஃகு இழை, அதைச் சுற்றி அதே தடிமனில் ஆறு அலுமினிய இழைகள். இந்தக் கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்து வைப்பது பீங்கானோ பாலிமரோ ஆன இன்சுலேட்டர். ஒரு கம்பியை இன்னொன்றிலிருந்து பிரித்து வைப்பது வெறும் காற்று. எச்.டி. லைனில் கையால் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மிக அருகே போனாலே காற்றைத் தாண்டிப் பொறி பாயும்.

மனித உடம்பு எவ்வளவு தாங்கும்? பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதில் ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. நம் உடம்பில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாது. 50-க்கு மேல் போய் அது மார்பு வழியாக ஓடினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். அதாவது ஒரு பல்பை எரிக்கும் மின்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓர் உயிரை எடுக்கப் போதும். 'எல்.டி.தானே' என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே தெரியும்.

இந்தக் கம்பிகளோடு தினமும் புழங்குபவர்கள் லைன்மேன், வயர்மேன், ஹெல்பர், கேங்மேன், அவர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்கள். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போடுவது, அறுந்த ஜம்பரை (கம்பிகளை இணைக்கும் சிறு துண்டுக் கம்பியை) மாற்றுவது, கிளை விழுந்த லைனை இழுத்துக் கட்டுவது, வெடித்த இன்சுலேட்டரைக் கழற்றுவது, கம்பம் நடுவது எல்லாம் இவர்கள் வேலை. 9 மீட்டர் கம்பம் என்றால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மீட்டர், மண்ணுக்குள் போக வேண்டும். கடப்பாரையால் அந்தக் குழியைத் தோண்டுவதும் இவர்கள்தான்.

கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால்

பாதுகாப்பான வேலை தரையிலேயே தொடங்குகிறது. லைனில் கை வைக்கும் முன் எல்.சி. வாங்க வேண்டும், அதாவது லைன் கிளியர். 'இன்ன லைனை நிறுத்திவிட்டோம், நீங்கள் திருப்பித் தரும்வரை போட மாட்டோம்' என்று துணை மின்நிலையத்தில் இருப்பவர் தரும் உறுதி அது. டிரான்ஸ்ஃபார்மர் அளவிலான வேலை என்றால் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும், லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு (திறந்தால் கரண்ட் நின்றுவிடும்), அதன் கைப்பிடியைப் பூட்டுவார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த சுவிட்சில் மூன்று பிளேடுகள். கீழே கைப்பிடியை இறக்கினால் மூன்றும் திறக்க வேண்டும். துருப்பிடித்த பழைய சுவிட்சில் இரண்டு திறந்து ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. அதனால் அண்ணாந்து மூன்றையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் ஏறக் கூடாது. இரவில், மழையில், அதைப் பார்க்க நல்ல டார்ச் வேண்டும். டார்ச்சையும் பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலில் சேர்க்கத் தோன்றுவது இதனால்தான்.

லைன் நின்றுவிட்டது என்று சொன்னால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். எதைக் கொண்டு? நம் வீட்டுக் கருவிப்பெட்டியில் ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒரு டெஸ்டர் இருக்குமே, பலர் சட்டைப்பையில் இருப்பதும் அதுதான். அதன் உள்ளே ஒரு சின்ன நியான் விளக்கும் ஒரு பெரிய மின்தடையும் இருக்கின்றன. நுனியைக் கம்பியில் வைத்து, பின்பக்கம் விரலை வைத்தால், மிகமிகச் சிறிய மின்னோட்டம் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போய் விளக்கு எரிகிறது.

இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். உச்சி வெயிலில் அந்தச் சிவப்பு ஒளி கண்ணுக்கே தெரியாது. உலர்ந்த மூங்கில் ஏணியில் நிற்பவருக்கும் தரைக்கும் தொடர்பு குறைவு, அதனால் லைனில் கரண்ட் இருந்தும் விளக்கு மங்கிப்போகலாம். பக்கத்து லைனின் தூண்டலால், நிறுத்திய லைனிலும் சில சமயம் எரியும். இருக்கும்போது எரியாமலும், இல்லாதபோது எரிந்தும் காட்டக்கூடிய கருவியை நம்பி ஒருவர் கம்பியைப் பிடிக்கிறார். எச்.டி. லைனுக்கோ அதைக் கொண்டுபோகவே கூடாது. அதற்கென்று ஃபைபர் கம்பின் நுனியில் பொருத்திய வோல்டேஜ் டிடெக்டர் இருக்கிறது. லைனைத் தொடாமல் அருகே கொண்டுபோனாலே ஒலி எழுப்பும், விளக்கு மின்னும். தான் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க அதிலேயே ஒரு பட்டனும் இருக்கும். எந்தக் கருவி என்றாலும், முதலில் கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் சோதித்து, அப்புறம் வேலை செய்யப்போகும் லைனில் வைத்து, மறுபடியும் முதல் இடத்தில் சோதிப்பதே முறை. நடுவில் கருவியே பழுதாகிவிடவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

எர்த் ராடு

ஒரே ஒரு கருவியைப் பற்றி மட்டும் சொல்ல இடமிருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். ஃபைபர் தடியின் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு செம்புக் கேபிள். கேபிளின் மறுமுனை மண்ணில் அடித்த கம்பியோடு இணைந்திருக்கும். மூன்று ஃபேஸுக்கும் மூன்று ராடு. லைன் நின்றபிறகு இவற்றை மாட்டினால் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று சேர்ந்து மண்ணோடும் சேர்ந்துவிடும். கம்பியில் தேங்கி நிற்கும் மின்னூட்டம் இறங்கிவிடும். அதைவிட முக்கியம், யாராவது தெரியாமல் அந்த லைனைப் போட்டுவிட்டால், பெரும் மின்னோட்டம் ராடு வழியாக மண்ணுக்குப் பாய்ந்து, துணை மின்நிலையத்தில் லைனைத் தானாக நிறுத்தும் பிரேக்கர் நொடிக்குள் விழுந்துவிடும். எல்.சி.யில் பிழை, போனில் ஊர்ப்பெயர் மாறிப்போன குழப்பம், ஒட்டிக்கொண்ட சுவிட்ச், தப்பாகக் காட்டிய டெஸ்டர் என்று அதுவரை நடந்த எந்தத் தவறையும் தாங்கிக்கொண்டு ஆளைக் காப்பாற்றும் கடைசி அரண் இது.

மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மண் பக்கம், பிறகு லைன் பக்கம். கழற்றும்போது முதலில் லைன் பக்கம், கடைசியில் மண் பக்கம். மாற்றிச் செய்தால், லைனில் கரண்ட் இருக்கும் பட்சத்தில் கையில் இருக்கும் கேபிளுக்கே அது வந்துவிடும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும், ஏனென்றால் கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

இவ்வளவு அருமையான கருவி பல இடங்களில் பயன்படாமல் கிடப்பது ஏன்? பழைய செட்டைத் தூக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். கனமான தடிகள், சிக்கலாகிக் கிடக்கும் கேபிள், இறுகிப்போன கிளாம்பு. ஒருவர் பைக்கில் ஏணியையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு வயல்வரப்பில் போக வேண்டியிருக்கிறது. 'பத்து நிமிஷ வேலைதானே' என்று தோன்றும். ராடு அலுவலகத்திலேயே நின்றுவிடும். சில இடங்களில் அதற்குப் பதிலாகச் சங்கிலியையோ கம்பியையோ லைன் மேல் வீசிப் பார்க்கிறார்கள். அது நழுவலாம், ஒரு ஃபேஸில் மட்டும் படலாம், வீசியவர் கையிலேயே கரண்ட் பாயலாம். இதை வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்து ஊழியரைத் திட்டுவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டு போக முடியாத பாதுகாப்புக் கருவி, இருந்தும் இல்லாதது மாதிரிதான். எடை குறைந்த, மடித்து ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டக்கூடிய எர்த்திங் செட்டுகள் சந்தையில் இருக்கின்றன. அவற்றை வாங்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

கட்டிங் பிளேயரும் அதன் கைப்பிடியும்

லைன்மேன் என்றதும் நினைவுக்கு வருவது இடுப்பில் செருகிய கட்டிங் பிளேயர். வெட்ட, முறுக்க, இழுக்க, சில நேரம் சுத்தியலாகத் தட்டக்கூட அதுதான். பல வருடம் உழைத்த பிளேயரைக் கையில் வாங்கிப் பாருங்கள். கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை தேய்ந்து, ஓரிடத்தில் கிழிந்து இரும்பு தெரியும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்போ சைக்கிள் டியூப் துண்டோ சுற்றியிருக்கும். சுற்றியவருக்கு அது ஒரு தைரியம். ஆனால் அதற்குள் புகும் வியர்வையையும் மழைநீரையும் அந்தச் சுற்று தடுக்காது.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வண்ண உறை போட்ட பிளேயர் எல்லாமே ஷாக் அடிக்காத பிளேயர் என்று அர்த்தமில்லை. சாதாரண உறை வெறும் பிடிமானத்துக்கு. மின்வேலைக்கென்று செய்யப்பட்ட கருவிகளுக்கு ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. 1,000 வோல்ட் வரையிலான லைனுக்கு ஆனவை இவை. ஒவ்வொன்றையும் 10,000 வோல்ட்டில் சோதித்த பிறகே வெளியே விடுவார்கள். கைப்பிடியில் 1000 வி என்றும், இரட்டை முக்கோணக் குறியும் அச்சிட்டிருக்கும். அந்தக் குறி இல்லையென்றால் அந்த உறையை நம்பிக் கரண்ட் உள்ள கம்பியில் கை வைக்கவே கூடாது. குறி இருக்கிற பிளேயரும் எல்.டி.க்கு மட்டும்தான்.

பிளேயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது நம் வீட்டு மின்விசிறி வரை வருகிறது. இரண்டு அலுமினியக் கம்பிகளைச் சேர்க்க, பழைய வழக்கப்படி பிளேயரால் இறுக்கி முறுக்கிவிடுவார்கள். அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும், அதில் மின்சாரம் எளிதாகப் போகாது. முறுக்கிய இடத்தில் பகலில் லோடு ஏறும்போது சூடாகி விரியும், இரவில் சுருங்கும். மெல்ல மெல்லப் பிடி தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும். ஏப்ரல், மே மாதத்தில் ஊரே ஏசி போடும்போது அந்த இடம் சிவந்து, பொறி பறந்து, அறுந்து விழும். அதற்கு முன்பே வீட்டில் விளக்கு மங்கி மங்கி எரியும்.

சரியான முறை என்றால், கம்பியைப் பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, இரண்டு கம்பிகளையும் பக்கம் பக்கமாகப் பிடிக்கும், போல்ட் வைத்த பி.ஜி. கிளாம்பைச் சரியான அளவு இறுக்குவது. இல்லையென்றால் உலோகக் குழாயில் இரண்டு முனையையும் செருகி கிரிம்பிங் கருவியால் நசுக்குவது. கையால் அழுத்தும் பழைய கிரிம்பிங் கருவிக்கு நீளமான இரண்டு கைப்பிடிகள். தரையில் நின்றால் அழுத்திவிடலாம். இடுப்பு பெல்ட்டில் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அதை முழுதாக மூடிப் பாருங்கள். தோளும் மணிக்கட்டும் கெஞ்சும். வருடக்கணக்கில் செய்தால் நிரந்தர வலியாகிவிடும். பல நாடுகளில் இப்போது பேட்டரியில் இயங்கும் ஹைட்ராலிக் கருவி வந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு விசையோடு நசுக்கும், களைப்பில் பாதியில் விட்ட இணைப்பு என்ற பேச்சே இருக்காது. அதே மாதிரி பேட்டரி கட்டரும் உண்டு. இங்கேயோ ஹேக்ஸா பிளேடால் அந்த எஃகு இழையை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல கருவியால் தொழிலாளிக்கு வலி குறைகிறது, நமக்குக் கரண்ட் நிலையாக வருகிறது. மின்வாரியத்துக்கும் அதே கம்பத்துக்கு இரண்டாவது முறை ஆள் அனுப்பும் செலவு மிச்சம்.

கையுறையும் பெல்ட்டும்

ரப்பர் கையுறைக்கு வகுப்புகள் உண்டு. 0 வகுப்பு 1,000 வோல்ட்டுக்கு, 2-ஆம் வகுப்பு 17,000 வோல்ட்டுக்கு, இப்படி மேலே போகும். எல்.டி. கையுறையைப் போட்டுக்கொண்டு எச்.டி.யில் கை வைப்பது வெறுங்கையில் தொடுவதற்குச் சமம். போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று காதருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஊசித்துளை போதும் ஆளைக் கொல்ல. அதைப் பிளேயரோடும் ஆணியோடும் பைக் பெட்டியில் போட்டு வெயிலில் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும். நம் ஊர் வெயிலில் தடித்த கையுறைக்குள் கை வியர்த்து ஊறிப்போகும், சின்ன நட்டைப் பிடிக்க வராது, அதனால் கழற்றிவிடுகிறார்கள். விரல்களை எளிதாக மடக்க விடும் மெல்லிய வகுப்புகள் எல்.டி. வேலைக்கு இருக்கின்றன. கை அளவு பார்த்துக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும்.

இடுப்புக் கயிறும் இடுப்பு பெல்ட்டும் கம்பத்தில் சாய்ந்து நிற்க உதவும், விழுந்தால் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும், தலைகீழாக நழுவிப்போகவும் வாய்ப்பு உண்டு. தோள், தொடை எல்லாம் சுற்றி வரும் முழு உடல் ஹார்னஸ் அந்த விசையைப் பிரித்துக்கொள்ளும். அதில் இரண்டு கொக்கிக் கயிறு இருக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தைத் தாண்டும்போது ஒன்றைக் கழற்றினாலும் இன்னொன்று மாட்டியே இருக்கும். அமெரிக்காவில் 2015 ஏப்ரல் முதல், கம்பத்தில் ஏறும் தகுதிபெற்ற ஊழியரும் ஏறும்போதும் இறங்கும்போதும் விழாமல் தடுக்கும் கருவி போட்டிருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

வண்டி போகாத இடம்

'ஸ்கை லிஃப்ட் வண்டி வந்தால் இதெல்லாம் எதற்கு?' என்று கேட்கலாம். அகலமான சாலையில் அது அருமையான தீர்வு. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலை நினைத்துப் பாருங்கள். டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. விழுந்த தென்னைகளுக்கும் தண்ணீர் தேங்கிய வயலுக்கும் நடுவே எந்த வண்டியும் போக வழியில்லை. கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் சுமந்து, இடுப்பளவு சேற்றில் இறங்கித்தான் நட்டார்கள். கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். அன்று ஊர்களுக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தவை கையால் பிடிக்கும் கருவிகள்தான். புயல் வரும் கடற்கரை மாநிலத்தில் அந்தக் கருவிகள் முதல்தரமாக இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள், லைனில் வேலை செய்பவருக்குக் கையுறை, ரப்பர் காலணி, பெல்ட், ஏணி, எர்த்திங் கருவி, ஹெல்மெட், லைன் டெஸ்டர் எல்லாம் கொடுக்கப்பட வேண்டும், அவை உரிய தரத்தில், நல்ல நிலையில் பராமரிக்கப்பட வேண்டும் என்றன. 2023-இல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. நிரந்தர ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி என்று கரண்ட் ஆள் பார்த்துப் பாய்வதில்லை. நாள்கூலிக்கு வந்து கம்பத்தில் ஏறுபவரிடமும் அதே ஹார்னஸ், அதே எர்த் ராடு இருந்தாக வேண்டும்.

நம் வீட்டிலிருந்து போகும் ஆபத்து

இதுவரை சொன்னதில் நம் பங்கு எதுவும் இல்லை என்று தோன்றலாம். இருக்கிறது, அதுவும் பெரிய பங்கு. கரண்ட் போனதும் கடையிலோ கல்யாண மண்டபத்திலோ ஜெனரேட்டரைப் போடுகிறோம். மெயின் லைனைப் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக இணைத்திருந்தால், அந்த 230 வோல்ட் நம் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். மேலிருந்து வந்தால் குறைக்கும், கீழிருந்து போனால் ஏற்றும். நிறுத்திவைத்த எச்.டி. லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட் வந்து நிற்கும். எல்.சி. வாங்கி, சுவிட்சைப் பூட்டி, நம்பிக்கையோடு மேலே ஏறியவர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது அவரைக் காப்பது எர்த் ராடு ஒன்றுதான்.

கூரை சோலாரில் தரமான கிரிட் இன்வெர்ட்டர், வெளியே லைன் இல்லை என்றதும் தானே நின்றுவிடும். ஜெனரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. உங்கள் வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டர் இருந்தால், அதற்கும் மெயினுக்கும் நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் போக விடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். லைன்மேன் கம்பத்தடியில் ராடு மாட்டிக்கொண்டிருக்கும்போது 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.